க. ஏழுமலையும் கு. ஏழுமலையும்

ஓய்வுபெற்றோர் சங்கத்து மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி, செயலாளர் மூன்று முறை வீட்டுக்கு வந்துவிட்டார். “நாய் தொரத்தினது, மழையில சைக்கிளு மாட்டிக்கினது, அந்த மாதிரி எதனா எழுதுங்கண்ணே. படிக்கிறவங்க சிரிக்கணும்” என்றார். என்னை எந்த நாயும் துரத்தியதில்லை. தபால்காரன் என்றாலே நாய் துரத்த வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை.

எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். போன மாதம் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், கையில் ஒரு கவரோடு வாசலில் நின்றாள். “சார், ஒரே பேர்ல ரெண்டு பேரு இருந்தா நீங்கல்லாம் அப்ப இன்னா சார் பண்ணுவீங்க?” என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. “ரெண்டு பேரையும் கேட்டுக் குடும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து படுத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பாதி வரைக்கும் சிரிக்கலாம். அதற்கு மேல் நான் பொறுப்பில்லை.

பயிற்சி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதுச்சேரி பெரிய ஆபீஸில் மூன்று வாரம் முத்திரை குத்தினேன், மணியார்டர் பாரம் நிரப்பினேன், திட்டு வாங்கினேன். அப்புறம் பாகூர் கொம்யூனில் (எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துக்கு அந்தப் பேர்) ஒரு சின்னத் தபால் ஆபீஸில் போட்டார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. கிழக்கே பனித்திட்டு வரைக்கும் போக இன்னொருவர் இருந்தார். ஏரிக்கரைப் பக்கத்து ஐந்து ஊர் என்னுடையது.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் அருளப்பன் சார். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வேலைக்கு வந்தவர். யாராக இருந்தாலும் அவருக்கு ‘மிஸ்யே’தான், பிரெஞ்சில் ஐயா. கார்டு வாங்க வரும் மாட்டு வண்டிக்காரரும் மிஸ்யே, கொம்யூன் ஆபீஸ் அதிகாரியும் மிஸ்யே. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. காலை பஸ்ஸில் பை வந்ததும் முதலில் கையைக் கழுவுவார். அரக்கு முத்திரையை விரலால் தடவிப் பார்ப்பார். பிரித்துக் கொட்டி, ஒவ்வொரு தபாலின் விலாசத்தையும் வாய்விட்டுப் படிப்பார். முத்திரை குத்தும்போது ஒரு தரம், என் கையில் கொடுக்கும்போது ஒரு தரம். பத்துத் தபால் வந்தாலும் நூறு வந்தாலும் அப்படித்தான். எனக்கு எரிச்சலாக இருக்கும். வெயில் ஏறிக்கொண்டே போகும், இவர் பாடம் படிப்பார்.

“பேரைப் படிக்காதீங்க மிஸ்யே, ஆளைப் படிங்க” என்பார். பட்டுவாடா ஆகாத கடிதத்தைத் திருப்பி அனுப்பும்போது இன்னொன்று சொல்வார். “இது நம்முது இல்ல. எழுதினவனுதும் இல்ல இப்ப. மேல பேரு எழுதியிருக்குதே, அவனுது. நாம தூக்கிக்கினு போறவங்க, அவ்ளோதான்.”

என்னுடைய ஐந்து ஊர்களில் ஒன்றில் இரண்டு ஏழுமலை இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ஏழுமலை இருப்பது அதிசயமில்லை. ஆனால் இவர்கள் இரண்டு பேருக்கும் தபால் வரும், அதுதான் தொல்லை.

ஒருவர் நாயனக்காரர், கன்னியப்பன் மகன் க. ஏழுமலை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வில்லியனூரிலிருந்து கடலூர் வரைக்கும் கல்யாணத்துக்கு அவர்தான். தை, வைகாசி, ஆவணி என்றால் அவர் வீட்டுக்கு மஞ்சள் தடவிய கவராக வரும். வாசலில் நின்று மணி அடித்தால் உள்ளேயிருந்து, “மஞ்சளா தம்பி?” என்று குரல் வரும். “மஞ்சள்தாண்ணே” என்பேன். மோர் கிடைக்கும்.

இன்னொருவன் குப்புசாமி மகன் கு. ஏழுமலை. என்னைவிட ஆறேழு வயது சின்னவன். இவன் கதையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இவன் தாய்மாமன் மெட்ராஸில் வெள்ளைக்காரர்கள் கட்டிய ஒரு கிளப்பில் சமையல்காரர். இவனும் அங்கேயே வளர்ந்து, அங்கே மார்க்கர் ஆகிவிட்டான். மார்க்கர் என்றால் ஆட்டக்களத்தைத் துடைத்துவைத்து, பாயிண்டு சொல்லி, ஜோடி இல்லாத மெம்பருக்கு ஜோடியாக நின்று ஆடுகிறவன். ஆடிய ஆட்டத்தின் பெயர் ஸ்குவாஷ். நாலு சுவருக்குள்ளே இரண்டு பேர் நின்று, ஒரு சின்ன ரப்பர் பந்தை மட்டையால் சுவரில் மாற்றி மாற்றி அடிப்பார்கள். எதிராளி எட்டிப் பிடிக்க முடியாத இடத்தில் பந்து விழ வேண்டும்.

அந்தக் கிளப்பில் ஆட்டக்களத்தை இடித்துச் சீட்டாடும் அறை கட்டினார்கள். இவன் ஊருக்குத் திரும்பி வந்தான். “மெட்ராஸ்ல இன்னா பண்ணிக்கினு இருந்த?” என்று கேட்டவர்களிடம், “ஸ்குவாஷ்” என்றான். எங்கள் ஊருக்குத் தெரிந்த ஸ்குவாஷ், கல்யாண வீட்டில் தண்ணீரில் கலந்து தரும் ஆரஞ்சு ஸ்குவாஷ். ஒருவர் கேட்டார்: “ஒரு பாட்டிலு இன்னா வெலபா?” அவ்வளவுதான். அவன் ஜூஸ் ஏழுமலை ஆகிவிட்டான், மற்றவர் நாயனம் ஏழுமலை. சாயங்காலம் ரைஸ்மில்லின் பின்சுவரில் தனியாகப் பந்தடிப்பான். மில் முதலாளி பாய் எட்டிப் பார்த்து, “செவுரு இடிஞ்சா நீதான்டா கட்டித் தரணும்” என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் சைக்கிளை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். சுவரில் கரியால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டம் போட்டிருந்தான். இருபது அடி தள்ளி நின்று அடித்தால் பந்து அந்த வட்டத்தில்தான் படும். எனக்கு ஆட்டம் புரியவில்லை. ஆனால் அவன் சாமான்யப்பட்டவன் இல்லை என்று தெரிந்தது.

தமிழில் விலாசம் எழுதினால் சிக்கலே இல்லை. ஒருவர் க., இன்னொருவன் கு. இங்கிலீஷில் எழுதினால் இரண்டுமே கே. அருளப்பன் சார் என் பீட் புத்தகத்தில், அதாவது என் சுற்றின் வீட்டு விவரம் எழுதிய நோட்டில், தன் கையாலேயே எழுதிவைத்திருந்தார்: ‘கே. ஏழுமலை இருவர். இருவரையும் கேட்டுக் கொடுக்கவும்.’ கே. ஏழுமலை என்று படித்தால் தலையைத் தூக்கி, “கானாவா கூனாவா மிஸ்யே?” என்று கேட்காமல் தபாலை என் கையில் கொடுக்க மாட்டார்.

இப்போது அந்த வருஷத்துக்கு வருகிறேன்.

மாசி மாதம் மெட்ராஸில் வேறொரு கிளப்பிலிருந்து ஜூஸ் ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். பினாங்கில் ஒரு பெரிய கிளப்புக்கு ஆட்டம் சொல்லித் தர ஆள் வேண்டுமாம். நாலு மார்க்கர்களை ஆடவிட்டுப் பார்த்தார்கள். இவன் மூன்று பேரையும் ஜெயித்தான். அப்புறம் தேர்வு செய்யும் பெரிய மனிதரின் மருமகன், “என்கூட ஆடு” என்றானாம். முதல் ஆட்டம் ஒன்பதுக்குச் சைபர், இரண்டாவது ஒன்பதுக்கு ஒன்று. “அந்த ஒண்ணும் நான் வுட்டுக் குடுத்ததுதாண்ணே” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். ஊர் விலாசத்தை வாங்கிக்கொண்டு, முடிவைக் கடிதத்தில் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் நான் வரும் நேரத்துக்கு ஏரிக்கரையில் நிற்பான். “இன்னாண்ணே, இருக்குதா?” “இல்லப்பா.” தினமும் இதே பேச்சு.

அதே சமயம் நாயனம் ஏழுமலைக்கு வேறொரு கவலை. அவருக்குப் பங்காளிகள் நாற்பது தலைக்கட்டு. யாராவது ஒருவர் மண்டையைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பங்காளி செத்தால் கருமாதி முடிகிற வரைக்கும் பதினாறு நாள் தீட்டு. தீட்டுக்காரன் மணமேடைக்கு முன்னால் உட்கார்ந்து நாயனம் வாசிக்க முடியுமா? முந்தின தையில் அப்படியே ஆறு கல்யாணம் கைவிட்டுப் போயிற்று. இரண்டு பெண்கள் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். இப்போது மெட்ராஸில் பெரம்பூரில் அவர் சித்தப்பா பொங்கலிலிருந்து இழுத்துக்கொண்டு கிடந்தார். அவர் மகன் ஏதோ கம்பெனியில் டைப் அடிப்பவன். அப்பாவின் உடம்பு பற்றி நீளக் கவரில் இங்கிலீஷில் விலாசம் அடித்து எப்போதாவது ஒன்று அனுப்புவான்.

தீட்டு எப்போது தொடங்கும்? சாவு நடந்த அன்றைக்கு இல்லை, சாவு நம் காதில் விழுந்த அன்றைக்கு. கருமாதிப் பத்திரிகை என்றால் ஓரத்தில் கறுப்பு இருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். சித்திரைக் கடைசியில் நாயனம் ஏழுமலை என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“தம்பி, வைகாசியில எனக்கு ஏழு முகூர்த்தம். கறுப்பு போட்டது எதனா வந்தா எங்கிட்ட காட்டாத. நீயே கிழிச்சிப் போட்டுடு. நான் காதால கேக்கல, கண்ணால பாக்கல. ஆனி பொறந்ததும் நானே நேர்ல போய் அழுதுட்டு வந்துடறன்.”

“சட்டப்படி தப்புண்ணே.”

“சாமிப்படி நான் பாத்துக்கறன். நீ செய்யி.”

பெண் குழந்தைகளைப் பெற்றவர். எனக்கும் வீட்டில் இரண்டு பெண். சரி என்றேன். அவருக்கு உதவி செய்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வைகாசியில் அருளப்பன் சார் தங்கை மகள் கல்யாணத்துக்குக் காரைக்கால் போனார். நாலு நாள் லீவு. அவருக்குப் பதிலாக வந்தவர் ஜன்னலில் உட்கார்ந்து ஸ்டாம்பு விற்றதோடு சரி. பையை நானே பிரித்தேன், நானே குத்தினேன், நானே அடுக்கினேன். யாரும் விலாசத்தை வாய்விட்டுப் படிக்கவில்லை. சீக்கிரம் கிளம்பலாம் என்று சந்தோஷமாக இருந்தது.

இரண்டாம் நாள் அந்த உறை வந்தது. நீளமான வெள்ளை உறை. நாலு ஓரத்திலும் விரல் கனத்துக்குக் கறுப்புக் கோடு. இங்கிலீஷில் டைப் அடித்த விலாசம்: கே. ஏழுமலை. மெட்ராஸ் முத்திரை. பெரம்பூர்க்காரர் போய்விட்டார் என்று நினைத்தேன். ஒரு நொடிகூட வேறு எதுவும் நினைக்கவில்லை. தினமும் ஒருவன் கரையில் நின்று மெட்ராஸ் கடிதம், மெட்ராஸ் கடிதம் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவன் ஞாபகமே வரவில்லை. கறுப்பைப் பார்த்ததும் கண் அடைத்துப்போயிற்று.

மதகுப் பக்கம் சைக்கிளை நிறுத்தினேன். அந்த வருஷம் வைகாசியிலும் ஏரியில் தண்ணீர் இருந்தது. உறையைப் பிரிக்காமல் கிழித்து வாய்க்காலில் போட்டேன். பெரியவர் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரை ஏறினேன். வழக்கமான இடத்தில் ஜூஸ் ஏழுமலை நின்றுகொண்டிருந்தான்.

“இன்னாண்ணே, இருக்குதா?”

“இல்லப்பா” என்றேன். அவனுக்குக் கீழேதான் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

வைகாசி முழுக்க நாயனம் ஏழுமலை ஏழு கல்யாணமும் வாசித்தார். ஒன்றில் நானும் சாப்பிட்டேன். ஆனி பிறந்ததும் அவர் பெரம்பூர் போகவில்லை. அடுத்தடுத்துக் கோயில் கச்சேரி. நானும், “உங்க சித்தப்பா செத்துட்டாரு” என்று எப்படிச் சொல்வேன்? கேட்காமல் இருப்பதற்குத்தானே என்னை ஏற்பாடு செய்தார். ஜூஸ் ஏழுமலை மட்டும் கரையில் நின்றுகொண்டே இருந்தான். “நீயே ஒரு கடிதம் எழுதிக் கேளேன்” என்றேன் ஒரு நாள். “கேட்டா கெஞ்சற மாதிரி ஆயிடும்ணே. வேணும்னா அவங்களே கூப்புடுவாங்க” என்றான். ஆடி வந்ததும் நிற்பதை விட்டுவிட்டான். மில்லில் மூட்டை தூக்கப் போனான். சுவரில் பந்துச் சத்தம் நின்றுபோனது.

ஆடி வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். பதினோரு மணி பஸ் வந்து நின்றது. கையில் ஒரு மஞ்சள் பையோடு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, மெலிந்த கிழவர் ஒருவர் இறங்கினார். யாரோ கத்தினார்கள்: “யே, நாயனக்கார் சித்தப்பா வந்துட்டாருடா! பெரம்பூர்க்காரு!” கிழவர் எல்லோரையும் பார்த்து, “செத்துட்டன்னு நெனச்சீங்களா? அவ்ளோ சீக்கிரம் போவ மாட்டன்டா” என்று சிரித்தார். ஊரே சிரித்தது. என் சைக்கிள் கீழே விழுந்தது, தபாலெல்லாம் ரோட்டில் சிதறியது.

பொறுக்கி எடுத்துக்கொண்டு நேராக ஜூஸ் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். “அந்தக் கிளப்காரங்க முன்னாடி எதனா உனக்குக் குடுத்திருக்காங்களாப்பா, கவரு மாதிரி?” என்று கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து, தேர்வுக்குப் போனபோது கையில் கொடுத்த உறையை எடுத்து நீட்டினான். நீளமான வெள்ளை உறை. நாலு ஓரத்திலும் விரல் கனத்துக்குக் கறுப்புக் கோடு. மூலையில் ஏதோ மிருகம் போட்ட முத்திரை. அந்தப் பணக்காரர்களுக்குக் கறுப்பு அழகாம். நான் என்ன செய்வது, எங்கள் ஊரில் கறுப்பு சாவு.

“வுடுண்ணே. அது முடிஞ்சிபோச்சி” என்றான். “தப்பு என்னுதுதான். அந்த மருமவனாண்ட நான் தோத்திருக்கணும். பெரிய எடத்துல ஜெயிக்கக் கூடாதுண்ணே. ஒம்போதுக்கு ஒண்ணு போட்டன் பாரு, அங்கதான் என் பேர அடிச்சிட்டான்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உறையை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். ஆபீஸுக்குப் போய் அருளப்பன் சாரிடம் சொன்னேன்.

அவர் எழுந்து கையைக் கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். என் பீட் புத்தகத்தை எடுத்து, தான் எழுதிய வரியைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அப்புறம் மூன்று கேள்வி கேட்டார்.

“பிரிச்சிப் பாத்தீங்களா?”

“இல்ல சார்.”

“இன்னும் யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் இல்ல சார்.”

“வூட்டுல எத்தினி பேர்?”

“என்னோட ஆறு பேர் சார்.”

சட்டப் புத்தகத்தைத் திறந்து, தபாலை அழித்தால் என்ன தண்டனை என்ற பக்கத்தைச் சத்தமாகப் படித்தார், விலாசம் படிப்பது போலவே. வேலை போகும், ஜெயிலும் உண்டு. மூடினார். வெள்ளைத் தாள் எடுத்து, அந்தக் கிளப்பில் தேர்வு நடத்தியவருக்கு இங்கிலீஷில் எழுதினார். கே. ஏழுமலை இன்னும் காத்திருக்கிறான், தாங்கள் அனுப்பியது எதுவானாலும் மறுபடி அனுப்ப வேண்டும் என்று. மூன்று முறை படித்துப் பார்த்து ஒட்டினார். ஒரு மாதம் கழித்து அது அப்படியே திரும்பி வந்தது. பெறுபவர் நாட்டை விட்டே போய்விட்டார் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதையும் வாய்விட்டுப் படித்தார்.

“ஏழுமலைகிட்ட சொன்னா அவன் பெட்டிஷன் போடுவான். போடணும். போட்டா உங்க குடும்பம் தெருவுல நிக்கும். மேல எழுதாம வுட்டதுக்கு நானும் குத்தவாளி” என்றார். “சொல்லணும்னா ரிட்டயர் ஆனப்புறம் சொல்லுங்க.” அதற்கப்புறம் அவர் மாற்றலாகிப் போகும் வரைக்கும் என்னை ஒரு தடவைகூட மிஸ்யே என்று கூப்பிடவில்லை. “போஸ்ட்மேன்” என்றார். மாட்டு வண்டிக்காரர் மிஸ்யே, நான் போஸ்ட்மேன்.

நாயனம் ஏழுமலையிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். “எம்பேரு இருந்ததாலதான?” என்று மட்டும் கேட்டார். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்டதை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். பதினாறு நாள் நாயனத்தைத் தொடவில்லை, நெற்றியில் விபூதி வைக்கவில்லை. ஊர்க்காரர்கள் யார் செத்தது என்று கேட்டார்கள். “பங்காளிதான்” என்றார். பெரம்பூர்க் கிழவர் அதற்கப்புறமும் மூன்று வருஷம் இருந்தார்.

இப்படியே வருஷங்கள் போயின. ஜூஸ் ஏழுமலைக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒரே பெண், பெயர் செல்வி. அந்தக் கால் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஐந்து ஊரில் அவள் மாதிரி ஓடுகிற பிள்ளை கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டு விழா அன்று நான் ஹெட்மாஸ்டருக்கு ரிஜிஸ்டர் தபால் கொண்டுபோயிருந்தேன். நானூறு மீட்டர் ஓட்டம். கடைசிச் சுற்றில் செல்வி எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தாள். வேலி ஓரத்தில் மில் புழுதியோடு ஏழுமலை நின்றிருந்தான். கையை ஆட்டிக் கத்தினான்: “மெதுவாப் போ! ஏய் செல்வி, மெதுவாப் போடி!”

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வேகம் குறைந்தது. இரண்டு பேர் தாண்டிப் போனார்கள்.

“எதுக்குடா?” என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“மின்னாடி ஓடினா கண்ணுல படுவாண்ணே. அப்பறம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். மூணாவதா வந்தா மூணு வேளை நிம்மதியா சாப்புடலாம்” என்றான். என் கையை மெதுவாக விலக்கிவிட்டான். கோபமே இல்லை.

டிரில் மாஸ்டர் விடவில்லை. அவளைப் பற்றி எங்கெங்கோ எழுதிப் போட்டார். சில மாதங்களில் ஏதோ விளையாட்டு விடுதியிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. பெறுபவர், கு. ஏழுமலை. தமிழில், தெளிவாக, கு. அன்றைக்கு நான் மதகில் நிற்கவில்லை. வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. நேராக அவனிடம் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினேன்.

“வாணாம்ணே. திருப்பி அனுப்பிச்சிடு.”

“பிரிச்சாவது பாருப்பா.”

“பிரிச்சா ஆசை வரும். அந்தப் பொண்ணு பாவம்.”

செல்வி வாசற்படியில் நின்று என் கையிலிருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே, அந்த நிமிஷமே, “உன்னை யாரும் வேணான்னு சொல்லலடா, நான்தான்டா கிழிச்சேன்” என்று சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். ஓய்வுக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தது. மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பேனாவை எடுத்தேன். உறையின் மேல் ‘பெற மறுத்தார்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நன்றாகவே வந்தது. அதுதான் ஆச்சரியம்.

எட்டாவதோடு அவள் நின்றுவிட்டாள். கொஞ்ச நாள் களை பறிக்கப் போனாள். பதினேழு வயதில் அரியூரில் கட்டிக் கொடுத்தார்கள். நாயனம் ஏழுமலை கூப்பிடாமலே வந்து வாசித்துவிட்டு, வெற்றிலைகூட வாங்காமல் போனார்.

நான் ஓய்வுபெற்ற மறுவாரம் ஜூஸ் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். சைக்கிளில் போகவில்லை, நடந்து போனேன். அவன் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மூட்டை தூக்கித் தூக்கி அவன் முதுகு வளைந்துவிட்டது. என்னைவிடக் கிழவனாகத் தெரிந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக்கொட்டகைப் பேச்சு, காரைக்கால் லீவு, மதகு, பெரம்பூர்க் கிழவர், எதையும் விடவில்லை. அடிப்பான், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடித்தபோது தலையை நிமிர்த்தினான்.

“அதுல இன்னா போட்டிருந்துச்சுண்ணே? வான்னு போட்டிருந்தானா, வராதன்னு போட்டிருந்தானா?”

“படிக்கலப்பா. பிரிக்கவே இல்ல.”

“படிச்சிட்டாவது கிழிச்சிருக்கக் கூடாதா?” என்றான். பிறகு திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டான். “சரி, நீ எத்தினி ஆயிரம் லெட்டர் கையால தூக்கினவன். ஒனக்குத் தெரியாதா? அது கனமா இருந்துச்சாண்ணே, லேசா இருந்துச்சா?”

ஏன் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு தாள் போதும். வா என்று சொன்னால் நிரப்ப வேண்டிய பாரங்கள் இருக்கும், கப்பல் விவரம் இருக்கும், கையெழுத்துப் போட்டு அனுப்ப ஒப்பந்தத் தாள் இருக்கும். இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷம் மூட்டை தூக்கிய முதுகைப் பார்த்தேன். இவனுக்கு உண்மையைச் சொல்லி இனிமேல் என்ன கொடுக்கப்போகிறேன்?

“லேசாத்தாம்பா இருந்துச்சு. ஒத்தத் தாளுதான்” என்றேன்.

அவன் கையை விட்டான். மூச்சு விட்டான். தலையை இரண்டு மூன்று முறை ஆட்டினான். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது.

“அப்ப நான் நெனச்சதுதான் சரி. வேணான்னுதான் போட்டிருக்கான். ஜெயிச்சிருக்கக் கூடாதுண்ணே” என்றான். அப்புறம் உள்ளே பார்த்து, “அரியூருக்குச் சொல்லி அனுப்பணும். செல்வி மவ ஓடறாளாம், பள்ளிக்கூடத்துல எதோ பரிசு வாங்கினாளாம். அதுவும் வாணான்னு சொல்லிடணும்” என்றான்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த உறை கனமாக இருந்தது. ஒரே இழுப்பில் கிழியவில்லை.